கனிந்தது வேறு, அழுகியது வேறு

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ராத்திரி அடித்த காற்றில் எங்கள் தோட்டத்தில் 160 கிலோ மாம்பழம் உதிர்ந்தது. காலையில் பொறுக்கி எடை போட்ட கணக்கு அது. நத்தம் பக்கம் மாமரம் வைத்திருக்கிற யாருக்கும் இது புதுசு இல்லை. பருவம் முடிகிற நேரம் சந்தையில் விலை படுத்துக் கிடக்கும். காற்று மட்டும் தவறாமல் வரும்.

இந்த உதிர்ந்த பழத்தோடு எனக்கு மூன்று வருஷப் பழக்கம். முதல் வருஷம் மரத்தடியிலேயே விட்டேன். 'மக்கி மண்ணுக்கு உரமாகட்டும், இதுதானே இயற்கை' என்று நினைப்பு. அடுத்த பருவத்தில் பழத்தை அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. பழ ஈக்கு நானே விருந்து வைத்து வளர்த்திருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது வருஷம் கூழாக்கிப் பாட்டிலில் அடைத்தேன். சர்க்கரை வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், எதுவும் சேர்க்காத சுத்தமான கூழ் என்று பெருமையாகச் சொல்லி 14 பாட்டில்களைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பாட்டில் மூடி தெறித்துச் சுவரில் பட்டது. அன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். "திறக்காதீங்க, வாயில வைக்காதீங்க, நானே வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லி, 14 வீட்டுக்கும் போய் வாங்கிவந்தேன். ஒரு வீட்டில் சின்னக் குழந்தை. அந்தப் பாட்டிலைக் கையில் வாங்குகிற வரைக்கும் எனக்கு உயிர் இல்லை.

மூன்றாவது வருஷம், அதாவது போன வருஷம்தான், ஒழுங்காகச் செய்தேன். அதை முறையாக எழுதுகிறேன். இதே தப்பை இன்னொருவர் செய்ய வேண்டாம்.

நமக்கு ஏன் கனிந்த பழம் அதிகம்?

கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படித் தடை செய்யப்பட்டது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலும் அந்தத் தடை இருக்கிறது. நாம் வைக்கோல் பரப்பித்தான் பழுக்க வைக்கிறோம். அப்படி வைத்தால் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. 20 கிலோ கூடையில் தினம் நாலு பழம் முந்திக்கொள்ளும். நாம் பார்ப்பதற்குள் ஒரு படி தாண்டிவிடும். கூடவே காற்றில் உதிர்ந்தது, அணில் கடித்தது, வியாபாரி கழித்துப் போட்டது எல்லாம் சேரும். இயற்கை விவசாயிக்கு இது பருவம் முழுக்க இருக்கிற வேலை.

முதல் வேலை: நாலு குவியல்

எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற பாட்டி ஒருவர் இருக்கிறார். நான் பழத்தைப் பொறுக்கி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "பேங்க் சார், நல்ல நோட்டையும் கிழிஞ்ச நோட்டையும் ஒரே கட்டுலயா வெப்பீங்க?" என்று கேட்டார். பிறகு அவரே உட்கார்ந்து பிரித்தார். ஒவ்வொரு பழத்தையும் காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அமுக்கிப் பார்ப்பார், மூக்கில் வைப்பார், குவியலில் போடுவார். "கனிஞ்சது வேற சார், அழுகினது வேற. காம்புகிட்ட பொய் சொல்லாது."

அவர் சொன்னது சரி. மாம்பழத்தில் காம்பழுகல் நோய் காம்பைச் சுற்றித்தான் தொடங்கும். பழுப்பு நிறமாகி, நீர்கோத்து, கீழே இறங்கும். உடம்பு முழுக்க மஞ்சளாக இருந்தாலும் காம்படியில் அமுங்கி நீர் கசிந்தால் அது சமையலறைக்கு ஆகாது. நாங்கள் பிரிக்கிற விதம் இது:

1. கெட்டியான பழம். அடிபடாதது, செங்காய் பதத்தில் இருப்பது. விற்கலாம், வைக்கோலில் வைக்கலாம். இதில் நாலைந்து கிலோ ஜாமுக்காக எடுத்து வையுங்கள். காரணம் பின்னால் வரும்.

2. கனிந்த பழம். தோல் சுருங்கியிருக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும், மணம் தித்திப்பாக இருக்கும். அடிபட்டுக் கன்றிய பழமும் இதில் சேரும். கன்றிய இடத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். தோலில் மட்டும் கரும்புள்ளி இருந்து, உள்ளே சதை நல்ல நிறத்தில் இருந்தால் பரவாயில்லை. இந்தக் குவியலை அன்றைக்கே கூழாக்க வேண்டும். மறுநாள் என்று தள்ளிவைத்தால் பாதி மூன்றாம் குவியலுக்குப் போய்விடும்.

3. புளித்தது, பூஞ்சணம் பிடித்தது, காம்பு அழுகியது. கள் வாடை அடித்தால் நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பூஞ்சணம் ஒரு ஓரத்தில்தானே இருக்கிறது, வெட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாறுள்ள பழத்தில் அதன் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கொதிக்க வைத்தாலும் பூஞ்சணம் விட்ட நஞ்சு எல்லாம் போய்விடாது. இந்தக் குவியல் மண்ணுக்கு.

4. புழு விழுந்தது. தோலில் ஊசி குத்தியதுபோல் சின்னத் துளையும் அதைச் சுற்றி மெத்தென்ற இடமும் இருக்கும். இதை எருக்குழியில் மேலாகக் கொட்டவே கூடாது.

கனிந்த பழத்துக்குள் என்ன குறைகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் செய்முறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பழம் கனியக் கனிய இனிப்பு கூடும், இரண்டு விஷயம் குறையும். ஒன்று புளிப்பு. மற்றொன்று பெக்டின் என்கிற பசைப்பொருள். ஜாம் கெட்டிப்படுவது இந்தப் பெக்டினால்தான்.

புளிப்பு குறைவதுதான் ஆபத்து. புளிப்பை பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். காற்றுப் புகாமல் அடைத்த உணவுக்கு 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேலே போனால் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்கிற பாக்டீரியா பாட்டிலுக்குள் வளரலாம். அதன் விதைநிலை வெறும் கொதிநீரில் சாகாது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்பை முடக்கி உயிரை எடுக்கும். வாடை, நிறம் எதுவும் மாறாமலும் இருக்கும். நல்ல பழம் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அதிகம் கனிந்த பழம், அதுவும் புளிப்பில்லாத ரகம், கோட்டை ஒட்டி வந்து நிற்கும்.

என் பாட்டிலில் மூடியைத் தெறிக்க வைத்தது சாதாரண ஈஸ்ட்தான். அது வாயுவை உண்டாக்கிச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது. சத்தம் போடாத எதிரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. எலுமிச்சைச் சாறு ஊற்றுவதால் இயற்கை கெட்டுப்போகாது. நம் பாட்டிமார் ஊறுகாய்க்குப் புளிப்பும் உப்பும் போட்டது ருசிக்கு மட்டுமா?

பழத்தைக் காப்பாற்ற வீட்டில் நம் கையில் இருப்பது நாலு கருவி: சூடு, புளிப்பு, இனிப்பு, வெயில். சூடு இருக்கிற கிருமியைக் கொல்லும். புளிப்பு மிஞ்சியதை வளரவிடாது. சர்க்கரை தண்ணீரைத் தன்னிடம் பிடித்துவைத்துக் கிருமிக்குக் கொடுக்காது. வெயில் தண்ணீரையே எடுத்துவிடும். எந்த முறையானாலும் இதில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். நான் இரண்டாவது வருஷம் அரைகுறைச் சூட்டை மட்டும் நம்பினேன்.

கூழ் எடுப்பது

பழத்தை இரண்டு தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் அரை அங்குலம் வெட்டி எறியுங்கள். அதில்தான் பால் இருக்கிறது. தோலை உரித்துச் சதையைப் பிழிந்து சல்லடையில் தேய்த்தால் நார் நின்றுவிடும். எவர்சில்வர் பாத்திரம்தான் நல்லது. புளிப்புப் பட்டால் இரும்பில் கூழ் கறுக்கும். அலுமினியமும் பித்தளையும் வேண்டவே வேண்டாம். எங்கள் கல்லாமையிலும் செந்தூரத்திலும் கலந்து எடுத்தபோது 10 கிலோ பழத்துக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல் கூழ் கிடைத்தது. கல்லாமை என்று நாங்கள் சொல்வதைத்தான் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா, கிளிமூக்கு என்பார்கள்.

பாட்டிலில் கூழ்

1 கிலோ கூழுக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம், அல்லது 75 மில்லி எலுமிச்சைச் சாறு. எலுமிச்சையின் புளிப்பு காய்க்குக் காய் மாறும். அதனால் நான் சாறு ஊற்றினாலும் பி.எச். தாள் வைத்துப் பார்ப்பேன். ஆய்வகச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். 4க்குக் கீழே இறங்கும் வரை சாறு சேர்ப்பேன்.

பாட்டிலையும் மூடியையும் 15 நிமிஷம் கொதிநீரில் போட்டு வையுங்கள். மூடி புதிதாக இருக்கட்டும். கூழை அடிபிடிக்காமல் கிளறி, நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு 5 நிமிஷம் வையுங்கள். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு மூடுங்கள். பெரிய அண்டாவின் அடியில் துணி மடித்துப் போட்டு, பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்த பிறகு அரை லிட்டர் பாட்டிலுக்கு 20 நிமிஷம். எடுத்துப் பலகையில் துணி விரித்து வையுங்கள். ஈரத் தரையில் வைத்தால் கண்ணாடி விரியும்.

மறுநாள் ஒவ்வொரு மூடியையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். உள்வாங்கி நின்றால் சரி. 'டக்' என்று மேலே வந்தால் அந்தப் பாட்டில் சேமிப்புக்கு இல்லை. குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். தேதியும் ரகமும் எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத குளுமையான இடத்தில் அடுக்குங்கள். நாங்கள் தைப் பொங்கலுக்குள் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவோம். பிறகு எப்போதாவது மூடி உப்பினால், நுரைத்தால், வாடை மாறினால் ருசி பார்க்கவே கூடாது. "ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்தா என்ன" என்று யாராவது சொன்னால் கையைத் தட்டிவிடுங்கள்.

இவ்வளவு வேலை முடியாதவர்கள், வீட்டில் உறைபெட்டி இருந்தால், கூழைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சிறு சிறு டப்பாவில் உறைய வைக்கலாம். மின்சாரம் இருக்கிற வரைக்கும் அது பத்திரம்.

பழ வத்தல்

ஆந்திராவில் மாமிடி தாண்ட்ரா, வங்காளத்தில் ஆம்சத்தோ என்று இதற்குப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் பழ வத்தல் என்கிறோம். பாட்டில் வேண்டாம், மூடி வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கூழில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து 10 நிமிஷம் கொதிக்க வையுங்கள். பச்சைக் கூழை அப்படியே காயப்போட்டால் காய்வதற்குள் புளித்துவிடும், நிறமும் கறுக்கும். எவர்சில்வர் தட்டில் நெய்யோ தேங்காய் எண்ணெயோ தடவி, தோசை மாவு கனத்தில் 3 மில்லிமீட்டர் பரப்புங்கள். மேலே வலைத்துணி கட்டி நல்ல வெயிலில் வையுங்கள். பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். ஒரு படலம் காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்த படலம். மூன்று படலத்துக்கு மேல் நான் போடுவதில்லை. கனம் கூடினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும்.

விரலில் ஒட்டாமல், தட்டிலிருந்து பாய்போல் உரிந்து, மடித்தால் முறியாமல் வளைந்தால் பதம். துண்டு போட்டு எண்ணெய்த்தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சர்க்கரை போடாமல் காயவைத்தால் 1 கிலோ கூழுக்குச் சுமார் 200 கிராம் தேறும். எங்கள் பக்கம் ஆனிக் காற்றில் புழுதி பறக்கும். அதனால் நாங்கள் மாடியில் மூன்று பக்கம் மறைத்து வைக்கிறோம். மேகமூட்டமான நாளில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

ஜாம்

கனிந்த பழத்தை மட்டும் போட்டுக் கிண்டினால் ஜாம் தளர்ந்துதான் நிற்கும். பெக்டின் குறைந்துவிட்டதே. அதனால் மூன்று பங்கு கனிந்த பழத்தோடு ஒரு பங்கு செங்காய் சேருங்கள். முதல் குவியலிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

1 கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரை, 5 கிராம் சிட்ரிக் அமிலம். அமிலத்தைக் கடைசியில் சேருங்கள். இரண்டும் சேர்ந்து 1,750 கிராம். அது சுமார் 1,300 கிராமாகச் சுண்ட வேண்டும். காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொண்டால் தராசே பதம் சொல்லிவிடும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி. இரண்டும் இல்லையென்றால் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழாமல் தகடாக விழ வேண்டும்.

சர்க்கரையைப் பாதியாக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆக்கலாம், ஆனால் அது ஜாம் இல்லை. குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்தில் தின்ன வேண்டிய பண்டம். சர்க்கரைதான் அங்கே காவல்காரன், காவலைப் பாதியாகக் குறைத்துவிட்டு அலமாரியில் வைக்க முடியாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் ஜாமே வேண்டாம். நாட்டுச் சர்க்கரையில் செய்தால் நிறம் கறுப்பாகும். கரும்புச் சாறு காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்ப்பது உண்டு என்பதால் புளிப்பையும் அது சற்றுக் குறைக்கும். எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மனுஷனுக்கு ஆகாதது மண்ணுக்கு

மூன்றாம் குவியலை வெட்டி மூடி போட்ட பீப்பாயில் போடுகிறேன். 10 கிலோவுக்கு 1 கிலோ வெல்லம், மூழ்குகிற அளவு தண்ணீர். நிழலில் வைத்துத் தினம் ஒரு முறை கலக்குவேன். மூடியை இறுக்குவதில்லை. 15 நாளில் வடிகட்டிப் பாசன நீரில் கலந்துவிடுவேன். ஜீவாமிர்தத்துக்கும் 2 கிலோ வெல்லத்தில் பாதியைக் குறைத்து 5 கிலோ பழத்தை மசித்துச் சேர்க்கிறேன். வெல்லச் செலவு மிச்சம்.

தோலும் நாரும் மாட்டுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். பழமாக இருக்கிறதே என்று கூடை கூடையாகக் கொட்டாதீர்கள், வயிறு உப்பும். கொட்டை தொண்டையில் அடைக்கும், அதைப் பொறுக்கிவிட வேண்டும். ஒட்டுக்கட்ட வேர்ச்செடி வேண்டுமென்றால் கொட்டையைக் காயவைத்துச் சேமிக்க நினைக்காதீர்கள். ஒரு மாதத்துக்குள் முளைப்புத்திறன் போய்விடும். கூழ் எடுத்த வாரத்திலேயே ஊன்றுங்கள்.

நாலாம் குவியல்தான் முக்கியம். பழ ஈயின் புழு பழத்திலிருந்து வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பும். அதனால் புழு விழுந்த பழத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் கடும் வெயிலில் போட்டு, பிறகு இரண்டு அடி ஆழத்தில் புதைக்கிறேன். பருவம் முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் மரத்தடி பொறுக்குவது எங்கள் வழக்கமாகிவிட்டது. பொறியும் தொங்கவிடுகிறோம். ஆனால் மரத்தடி சுத்தமாக இல்லாமல் பொறியால் மட்டும் ஆவது ஒன்றுமில்லை.

கணக்கு

160 கிலோவில் 45 கிலோ விற்றது. 70 கிலோ கனிந்தது, 30 கிலோ பீப்பாய்க்கு, 15 கிலோ புழு. கனிந்த 70 கிலோவில் 36 கிலோ கூழ். அதில் 20 கிலோ 40 பாட்டிலாயிற்று, 10 கிலோ 2 கிலோ வத்தலாயிற்று. மீதி 6 கிலோவோடு 2 கிலோ செங்காய்க் கூழ் சேர்த்ததில் பத்தரை கிலோ ஜாம்.

செலவு: இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி 1,600 ரூபாய், பாட்டில் 800, எரிவாயு 600, சர்க்கரை 270, எலுமிச்சையும் மற்றதும் 130. ஆக 3,400 ரூபாய். நானும் என் மனைவியும் பார்த்த வேலைக்குக் கணக்கு எழுதவில்லை. அந்த 70 கிலோவைச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தால் வண்டி வாடகைகூட வந்திருக்காது. இதில் பெரிய லாபம் என்று எழுத ஒன்றும் இல்லை. ஆனால் ஏழு மாசத்துக்கு வீட்டுக்கு வேண்டிய பழம் வீட்டிலேயே இருந்தது.

விற்க நினைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். தஞ்சாவூரிலும் மைசூரிலும் இதற்கென்றே மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன. அடுத்தவர் வீட்டுக்குப் போகிற பாட்டிலுக்கு நம் வீட்டுப் பாட்டிலைவிட இரட்டைக் கவனம் வேண்டும்.

போன வருஷம் அந்த 14 வீட்டுக்கும் மறுபடியும் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தை இருக்கிற வீட்டில், "இந்தத் தடவை திரும்ப வாங்க வர மாட்டீங்களே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். "தேதி போட்டிருக்கேன், புளிப்பு பாத்திருக்கேன், மூடியை அமுக்கிப் பாத்திருக்கேன். நீங்களும் ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டுத் திறங்க" என்றேன்.

இந்தப் பருவத்துக்கு எலுமிச்சையும் புது மூடியும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். நீங்களும் வாங்கி வையுங்கள். காற்று சொல்லிக்கொண்டு வராது.